தூக்க ஆள் தேவை

ஒஸ்லோவுக்கு எத்தனையோ தமிழர்கள் எத்தனையோ காரணங்களுக்காக வந்து சேர்ந்திருக்கிறோம். மற்றவர்கள் நித்திரை கொள்வதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்கென்றே கப்பல் விமானமெல்லாம் ஏறி வந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக் கீழ்த்தள அறையில்தான் வாடகைக்கு இருந்தார். கப்பலில் வரவில்லை என்று யாராவது எழுதிப் போடுவீர்கள். விமானத்தில்தான் வந்தார். இப்போது சரிதானே?

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆள் திருநெல்வேலிப் பக்கம், மூளை ஆராய்ச்சி, பல்கலைக்கழகத்தில் வேலை. பெயர் ஒன்று இருந்தது, வாடகை ஒப்பந்தத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் வந்த ஒரு வாரத்திலேயே எங்கள் சனம் அவருக்கு ‘நித்திரை டொக்டர்’ என்று பெயர் வைத்துவிட்டது. டொக்டர் என்றதும் முதுகு நோவோடும் முழங்கால் வீக்கத்தோடும் ஆட்கள் வந்தார்கள். அவரும் எல்லோரையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, அத விடுங்க. எப்பத் தூங்குறீங்க?” என்பார்.

இந்த இடத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் தூங்குவது என்றால் தொங்குவது. மாங்காய் தூங்கும், வௌவால் தூங்கும். மனிதர் நித்திரைதான் கொள்வார்கள். தமிழ்நாட்டுப் படம் பார்த்து அந்தப்பக்கத்து அர்த்தம் எங்களுக்கும் தெரியும். ஆனாலும் வந்த அன்றே அவர் என் கணவரிடம், “அண்ணே, நீங்க தினமும் எப்பத் தூங்குவீங்க?” என்று கேட்டபோது, மனிதர் முகட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நான் ஏன் தம்பி தூங்குவான்? நான் என்ன வௌவாலே?”

அதற்குச் சிரித்த ஒரே ஆள் என் கணவர்தான். அதையே அடுத்த ஒரு வருடமும் சொல்லிச் சிரித்தார்.

யூன் மாதம் வந்ததும் டொக்டரின் திருவிளையாடல்கள் ஆரம்பமாயின. இங்கே கோடையில் சூரியன் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வாசலிலேயே நிற்கிற விருந்தாளி. எங்களுக்குப் பழகிவிட்டது. டொக்டருக்குப் பழகவில்லை. என் சமையலறை அலுமினியத் தாள் சுருள்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒருநாள் வேலையால் வந்து பார்க்கிறேன், கீழ்த்தள யன்னல் முழுவதும் வெள்ளியாக மின்னுகிறது. பேக்கரி அடுப்பில் தள்ளத் தயாராக வைத்த கோழியைப் போல இருந்தது வீடு. பக்கத்து வீட்டு நோர்வேப் பெண்மணி வேலிக்கு மேலாக எட்டி, உங்கள் கலாசாரத்தில் இது ஏதும் பண்டிகையா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

மாலையானால் ஒரு செம்மஞ்சள் நிறக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். வெல்டிங் செய்கிறவர்கள் போடுவது மாதிரி, காதுவரை மூடியது. அதோடு ரயிலில் ஏறுவார், கடைக்குப் போவார், ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் முழுக் குடும்பப் படத்திலும் அதோடேயே நிற்கிறார். அந்த வீட்டார் அந்தப் படத்தை இன்னும் சட்டம் போடவில்லை.

“என்னத்துக்குத் தம்பி இந்தக் கோலம்?” என்று கேட்டேன்.

“அக்கா, கண்ணுக்குள்ள பார்க்கிறதுக்கு இருக்கிற செல் வேற. வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மூளைக்குச் சொல்றதுக்குன்னே தனியா சில செல் இருக்கு. இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. நீல வெளிச்சம் பட்டுச்சுன்னா போதும், ‘இன்னும் பகல்தான்’னு போய்ச் சொல்லிரும். மூளை தூக்கத்தைத் தள்ளி வெச்சிரும்.”

“அப்ப கண்ணுக்குள்ளை ஒரு கோள்மூட்டி இருக்கெண்டு சொல்லுங்கோ,” என்றார் என் கணவர். டொக்டருக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு அவரும் கோள்மூட்டி செல் என்றே சொன்னார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என் மகளைக் கெடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளிக்கு அவளை எழுப்புவது எனக்கு வாராந்தப் போர். ஒரு சனிக்கிழமை போர்வைக்குள் இருந்து குரல் வருகிறது:

“ஸ்லாப் ஆவ், அம்மா. என்ர மூளைக்கு இப்ப விடியேல்லை. பதின்ம வயசிலை உடம்பு மணிக்கூடு பிந்தித்தான் ஓடுமாம். டொக்டர் மாமா சொன்னவர். அது சயன்ஸ்.”

ஆறுதலாக இரு என்று நோர்வேஜிய மொழியில் தாய்க்கே புத்தி சொல்கிறாள். நான் நேரே கீழே இறங்கிப்போய் டொக்டரின் கதவைத் தட்டினேன்.

“தம்பி, உங்கட சயன்ஸை ஞாயிற்றுக்கிழமையிலை வைச்சிருங்கோ.”

“உண்மைதானேக்கா அது,” என்றார், கதவைப் பாதி திறந்து. ஆளுக்குப் பயமும் இருந்தது, உண்மையை விடவும் மனமில்லை.

ஆனால் எங்கள் இருவருக்கும் பெரிய சண்டை வந்தது சோற்றால். என் வீட்டுச் சட்டம் ஒன்றே ஒன்று. சோறு சூடாக இருக்கும்போதே வந்து குந்திவிட வேண்டும். பிந்தி வந்தால் யாராக இருந்தாலும் ஏச்சு. ஒருமுறை கணவருக்கு நல்ல காய்ச்சல், அப்போதும் சூடு ஆறுமுன் எழுப்பி இருத்திவிட்டேன். அப்படிப்பட்டவளிடம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கையால் மூன்றுதரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, டொக்டர் சொல்கிறார்:

“சாப்பிட்டதும் கண்ணச் சொருகுதே, அதுக்கும் சோத்துக்கும் பெருசா சம்பந்தமே இல்லக்கா. உடம்புக்குள்ள இருக்கிற கிளாக்கே மத்தியானத்துல ஒரு தடவை தாழும். சாப்பிடாட்டியும் வரும். ‘உண்ட மயக்கம்’ங்கிறதே தப்பான வார்த்தை.”

அந்த நேரத்தில் என் கணவர் சோபாவில் வாயைத் திறந்தபடி கிடந்தார். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? என் சோற்றின் பலம் எனக்குத் தெரியாதா? என் சோற்றைக் கடிகாரத்துக்குத் தாரை வார்க்க நான் ஆயத்தமாக இல்லை என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் அவர் தட்டைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னார்.

அந்த மத்தியான மயக்கம்தான் அவருடைய ஆராய்ச்சி. வருடம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கிற நாட்டில் வளர்ந்தவர்கள், ஒஸ்லோ வெளிச்சத்துக்குள் வந்தபிறகும் அந்த மயக்கத்தை வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அதற்கு எங்கள் ஆட்கள் பகலில் ஆய்வுகூடத்துக்கு வந்து படுத்துக் காட்ட வேண்டும். ஒருவரும் வரவில்லை. கோடை முடிவதோடு வேலை ஒப்பந்தம் முடிகிறது. படுக்க ஆள் கிடைக்காவிட்டால் நீடிக்க வழியில்லை என்று அவருடைய பேராசிரியை கையை விரித்துவிட்டார். வேலை போனால் விசாவும் போகும்.

ஆள் கிடைக்காததற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆட்கள் அப்போது காலையில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை. போதாததற்கு டொக்டரின் வாய். கணவரின் நண்பர் ஒருவர் சம்மதித்து வந்து, தேத்தண்ணியும் குடித்து, கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். டொக்டர் உடம்பின் உள் வெப்பத்தை அளக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

“வாயிலை வைப்பியளோ?”

“இல்லைங்க.”

“கமக்கட்டுக்குள்ளையோ?”

“அதுவும் இல்லைங்க.”

நண்பர் சற்று யோசித்தார். பிறகு கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போனவர்தான், எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவும் வர ஒரு தீபாவளி ஆயிற்று.

அந்த வெப்பமானியை அன்றோடு கைவிடச் சொன்னேன். தலையில் வயர் ஒட்டினால் போதும் என்று டொக்டரும் இறங்கி வந்தார். வருகிறவர்களுக்குச் சோறு நான் சமைத்துக் கொண்டு வருவதாகச் சொன்னேன். நகரத்துத் தமிழ்க் கடைக்குத் தொலைபேசி எடுத்து, தூக்க ஆராய்ச்சிக்கு ஆட்கள் தேவை என்று அறிவித்தல் போடச் சொன்னார். கடைக்காரருக்குச் சனிக்கிழமைக் கூட்டம், ஒரு கையில் கருவாடு. காதில் விழுந்த மட்டும் பெட்டி மட்டையில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டார்: ‘தூக்க ஆள் தேவை. சாப்பாடு உண்டு.’ கீழே பல்கலைக்கழக முகவரி.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற பியோர்ண்டாலில் இருந்து ஒரு வான் ஆய்வுகூட வாசலில் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். மூவரும் வீடு மாற்றுகிற வேலையில் கைதேர்ந்தவர்கள், கதவு நிலை அளவு அகலம், கையில் தோலுறை, இடுப்பில் பட்டி. நான் அந்த நேரம் அங்கே இல்லை. நடந்ததை மூவரும் பின்னால் எங்கள் வீட்டில் வைத்து ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

போன இடத்தில், கட்டிடத்து உள் நடைபாதையில் ஒரு இரும்பு அலுமாரி நின்றிருக்கிறது. பாரம் தாங்காமல் மாதக்கணக்காக அப்படியே விட்டிருந்தார்கள். இதுதான் சாமான் என்று மூவரும் முடிவெடுத்து, டொக்டர் வாயைத் திறக்குமுன் அதைத் தூக்கி அறைக்குள் வைத்துவிட்டார்கள்.

“சரி தம்பி, இனி எதைத் தூக்கிறது?” என்றார் மூத்தவர்.

“அண்ணே, தூக்கறதுக்கு இல்லைங்க. தூங்கறதுக்கு.”

“தூங்கவோ?” மூவரும் முகட்டைப் பார்த்தார்கள். “எதிலை தூங்கிறது?”

டொக்டர் கட்டிலைக் காட்டினார். மூத்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. “வேலைக்கெண்டு வந்த இடத்திலை படுக்கிற ஆக்களெண்டு நினைச்சியளோ எங்களை?”

டொக்டர் தம் பட்டங்களைப் பற்றியோ மூளையைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. “நீங்க படுக்கலேன்னா நான் ஊருக்குப் போயிரணும்ணே. இந்தக் கோடையோட விசா முடியுது,” என்றாராம்.

மூத்தவர் கையுறையைக் கழற்றினார். “விசா விசயமெண்டால் முதலே சொல்லியிருக்கலாமே தம்பி. எங்கை படுக்கிறது?”

அடுத்த தடங்கல் சாப்பாடு. எல்லோருக்கும் ஒரே உணவு கொடுக்க வேண்டும் என்பது ஆய்வு விதி. இரண்டு துண்டுப் பாண், மேலே பழுப்புச் சீஸ். மூவரும் அதைத் தொடவில்லை. நான் சோறு கொண்டு வருவதாகக் கேள்விப்பட்டிருந்தார்கள். அது படுத்து எழும்பிய பிறகுதான் என்று டொக்டர் சொல்லியும், பொறுத்திருக்கிறோம் என்று வெறும் வயிற்றோடு, தலையெல்லாம் வயரோடு, ஆளுக்கொரு அறையில் சாய்ந்தார்கள்.

நான் வர நன்றாகப் பிந்திவிட்டது. சட்டியைத் தூக்க மகளையும் கூட்டி வர நினைத்தேன், அவளுடைய மூளைக்கு அன்றும் விடியவில்லை. ஒருவழியாக இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், நடைபாதையில் டொக்டர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார். மூன்று கதவுகளுக்குப் பின்னாலும் மரம் அரிகிற சத்தம். டொக்டரின் கண்கள் கலங்கியிருந்தன.

“சாப்பிடாமலே தூங்கிட்டாங்கக்கா.”

“அப்ப என்ர சோறு?”

“உங்க சோத்து மேல குத்தமே இல்லக்கா. அது நிரபராதி.”

எனக்கு இதைப் பாராட்டு என்று எடுப்பதா அவமானம் என்று எடுப்பதா தெரியவில்லை. சட்டி சூடாக இருந்தது, அவர்கள் எழும்பி வந்து சட்டியை வழித்தார்கள். அதை வைத்து ஆறுதல் அடைந்தேன்.

அந்த முடிவைப் பேராசிரியை ஏற்கவில்லை. அலுமாரி தூக்கிய களைப்பில் எவன்தான் படுக்கமாட்டான் என்று கேட்டார். அலுமாரி விஷயத்தை அவரிடம் போய்ச் சொன்னதே டொக்டர்தான், நீங்களே பாருங்கள். ஆனால் அடுத்த சனிக்கிழமை அந்த மூவரும் தாமாகவே வந்தார்கள், ஒன்றையும் தூக்காமல் படுப்பதற்கு. கூடவே இன்னும் நாலைந்து பேர்.

“நோர்வேக்கு வந்த பிறகு ஒருத்தரும் போன் எடுக்காமல், ஒருத்தரும் எழுப்பாமல் படுத்தது அண்டைக்குத்தான் அக்கா,” என்று மூத்தவர் என்னிடம் சொன்னார். பெரிய உருவம், குரல் மட்டும் சின்னதாக வந்தது.

அதன்பிறகு பியோர்ண்டாலே திரண்டு வந்தது. ‘எங்கை வெளிக்கிட்டியள்?’ என்று மனைவிமார் கேட்க, ‘நித்திரைக்கு’ என்று கணவன்மார் சொல்ல, வீடு வீடாகச் சண்டை நடந்தது. கடைசியில் மனைவிமார் தங்களுக்கும் ஒரு நாள் வேண்டும் என்று டொக்டரை மறித்துக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சிலர் பாண் தின்றார்கள், சிலர் தின்னவில்லை. எப்படியானாலும் மத்தியானம் தாழ்ந்தபோது கண்கள் தாழ்ந்தன. டொக்டர் ஒவ்வொருவருக்கும் பக்கத்து அறையில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு திரையைப் பார்த்திருந்தார். ஊருக்கெல்லாம் நித்திரை கொடுத்த அந்த மனிதர் பகலில் கண்மூடி நான் பார்த்ததேயில்லை. படுத்தால் கோடை முடிந்துவிடும் என்ற பயம்போல.

பிறகு அவர் பேர்கனுக்கு மாற்றலாகிப் போனார், கலியாணம் கட்டினார், இப்போதும் தொலைபேசி எடுத்தால் முதல் கேள்வி எப்பத் தூங்குறீங்க என்பதுதான். நான் சொல்ல வந்தது அதையல்ல.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மத்தியானம், ஒப்பந்தத்தை நீடித்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு டொக்டர் படியேறி மேலே வந்தார். “இருங்கோ, சாப்பிட்டிட்டுக் கதைப்பம்,” என்று தட்டில் ஆவி பறக்கச் சோற்றைப் போட்டுவிட்டு, மீன்குழம்பு எடுக்கக் குசினிக்குள் போனேன். வந்து பார்த்தால் தட்டுக்குப் பக்கத்தில் தலையை வைத்துக் குழந்தைபோல நித்திரை. ஒரு பருக்கை தொடவில்லை. மகள், “மாமா, சோறு ஆறுது” என்று உலுப்பப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன். திரைச்சீலையை இழுத்துவிட்டு, குழம்பைத் திரும்பவும் அடுப்பில் வைத்துவிட்டு, அவருக்கு எதிரே கதிரையைச் சத்தம் வராமல் நகர்த்திப்போட்டு உட்கார்ந்தேன். சோறு ஆறட்டும் என்று விட்டேன்.