உரிக்காத கவர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். தப்பு என் மேல் இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். இதை அம்மா சொல்லி நான் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு கம்ப்யூட்டர்தான் ஒப்புக்கொள்ள வைத்தது.

பாப்பிரெட்டிப்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மிஷினில் பேப்பர் சிக்கினால் எடுத்துவிடுவேன். அதை வைத்தே எனக்குக் கம்ப்யூட்டர் முழுக்கத் தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. (கிளப்பிவிட்டதே நான்தான்.)

என் தங்கை மாலதி, கட்டப்போகிற வீட்டைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் வீடியோவாகக் காட்டும் வேலை படித்தவள். கைக்குழந்தையோடு எங்களோடு இருந்தாள். பெங்களூருக் கம்பெனி ஒன்று அவளுக்கு ஒரு வீட்டின் பிளானை அனுப்பியது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வீடியோ வர வேண்டும். பிடித்திருந்தால் ஊரிலிருந்தே வேலை. பிடிக்காவிட்டால் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஓசூரில் ரூம் எடுத்து வேறு வேலைக்குப் போவதுதான் வழி.

அவளுடைய பழைய லேப்டாப் அந்த வேலைக்கு ஆகாது. சேலத்தில் இருப்பதிலேயே உசத்தியான பாகங்களாகப் பார்த்து வாங்கினோம். கிராபிக்ஸ் கார்டு மட்டும் செங்கல் கனம் இருந்தது.

"நாங்களே மாட்டித் தந்துர்றோங்க மேடம்" என்றார் கடைக்காரர்.

"வேணாம். உள்ள பழசை வெச்சி மூடிட்டீங்கன்னா யாருக்குத் தெரியும்?" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் டப்பாவோடு தூக்கி வந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதுப் பொருளின் பிளாஸ்டிக் கவரை உரிக்கக் கூடாது. உரித்தால் பழசாகிவிடும். ஃபிரிட்ஜ் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, கதவில் இன்னும் நீலக் கவர். டிவி ரிமோட் பாலிதீன் பைக்குள்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா கவருக்கு மேலேயே துடைப்பாள்.

சனிக்கிழமை காலையில் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தேன். எப்படி மாட்டுவது என்று மூன்று வீடியோ பார்த்திருந்தேன். (ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். பேசுகிறவன் வளவளவென்று பேசினான்.) பிராசஸரின் சூட்டை இழுக்கும் கூலரைக் கையில் எடுத்தேன். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதன் மேல் மெல்லிசாக ஒரு கவர், சிவப்பு எழுத்தில் ஏதோ இங்கிலீஷ்.

"அக்கா, அதுல என்னமோ எழுதியிருக்கே?" என்றாள் மாலதி.

"கம்பெனி பேரா இருக்கும். கீறல் விழாம இருக்கட்டும், வுடு."

பிராசஸரில் சூட்டைக் கடத்தும் பேஸ்டைத் தடவி, கூலரைக் கவரோடு வைத்துத் திருகினேன். மதியத்துக்குள் எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டால், தேர்த் திருவிழா மாதிரி உள்ளே கலர் கலராக லைட் எரிந்தது. அம்மா கற்பூரம் காட்டினாள். நான் கும்பிடக்கூட இல்லை; அந்தக் கும்பிடு எனக்கு வர வேண்டியது என்று நினைத்திருந்தேன்.

மாலதி வீடியோ வேலையை ஓடவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டோம். மறுபடி அணைந்தது.

"வோல்டேஜ்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பக்கத்து மஞ்சள் காட்டுக்கு நடந்தேன். கோவிந்தன் அண்ணன் மஞ்சளுக்குத் தண்ணி பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"மோட்டாரை நிறுத்துங்க! உங்க மோட்டாரால எங்க வூட்ல கரண்டே நிக்க மாட்டேங்குது!"

"ஏம்மா, இப்பதான் ரெண்டு பாத்தி பாய்ஞ்சிருக்கு..."

"என் தங்கச்சி பொழப்பு போகுதுண்ணா!"

பாவம், நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் நான்கே நிமிஷத்தில் அணைந்தது.

மணி இரண்டு. மாலதி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். ஆத்திரத்தில் சேலத்துக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை வைத்தேன்.

"செத்த பொருளை எங்க தலையில கட்டிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?"

கடைக்காரர் நிதானமாகக் கேட்டார்: "மேடம், கூலருக்கு அடியில ஒரு கவர் இருந்திருக்குமே, அதை உரிச்சீங்களா?"

அந்தச் சிவப்பு எழுத்துக் கவர் எனக்கு ஞாபகம் வந்தது. வாய் மட்டும் வழக்கம்போல் ஓடியது. "உரிக்காம மாட்டுவாங்களா? எங்களை என்ன முட்டாள்னு நெனைச்சீங்களா?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

"அம்மா, டீ போடு. மாலதி, புள்ளைய வெளிய தூக்கிட்டுப் போ, காத்து வரட்டும்" என்றேன். அம்மா போனாள். மாலதி நகரவில்லை.

"கழட்டுக்கா. நானும் பாக்கறேன்."

கழட்டினேன். சூட்டைக் கூலருக்குப் போகவிடாமல் தடுத்த கவர், அந்தச் சூட்டிலேயே சுருங்கி, வறுத்த அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. சிவப்பு எழுத்து மட்டும் அழியவில்லை. மாலதி அதை வாங்கி, மாட்டுவதற்கு முன் உரிக்கவும் என்று எழுதியிருப்பதாகத் தமிழில் சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள். அம்மா டீயோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

மிச்சமிருந்த பேஸ்டைத் தடவி மறுபடி மாட்டினேன். அப்புறம் அது அணையவே இல்லை. வீடியோ முடிந்து பெங்களூருக்குப் போனபோது மணி ஐந்து இருபது. தாமதத்துக்குக் காரணமாகக் கரண்ட் கட் என்று எழுதச் சொன்னேன். அவள் நடந்ததை நடந்தபடி எழுதினாள். சுருங்கிய கவரைப் போட்டோ எடுத்து அதையும் சேர்த்து அனுப்பினாள்.

வேலை கிடைத்தது. இப்போதும் கம்பெனி வீடியோ காலில் யாருடைய கம்ப்யூட்டராவது நின்றால், "மாலதி, உங்க அக்கா அங்க வந்தாங்களா?" என்று பெங்களூரில் ஒருவர் கேட்கிறார். கோவிந்தன் அண்ணன் என்னை வழியில் பார்த்தால், "மோட்டார் ஓடுதும்மா, பரவால்லியா?" என்கிறார். சேலத்துக் கடைப் பக்கம் நான் போவதில்லை.

அந்த அப்பளத்தை மாலதி ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். ஃபிரிட்ஜின் நீலக் கவருக்கு மேலேதான். அந்த நீலக் கவரை இன்னும் யாரும் உரிக்கவில்லை. போன வாரம் குழந்தை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தது. கையைத் தட்டிவிட்டேன்.