ஒதுங்கச் சொல்லும் காதல் மெட்டு

இளவரசன் கீபோர்டில் காதல் மெட்டை வாசிக்கத் தொடங்கியதும், வாசல் பெருக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா பெரியம்மாள் துடைப்பத்தோடு சுவரோரம் ஒதுங்கி நின்றாள். மெட்டு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பெருக்கினாள்.

"ஏன் அத்தை ஒதுங்குனீங்க?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"தெரியல தம்பி. காலு தானா போவுது. எங்கயோ கேட்டாப்புல இருக்கு."

இளவரசனுக்கு வியர்த்துவிட்டது. இது அவன் இசையமைக்கும் முதல் படம். பாடாலூர் செல் கடையில் ரிங்டோன் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவனுக்குச் சொந்த மெட்டுப் பைத்தியம் உண்டு. ஆனால் பெரம்பலூருக்கு வந்த பிறகு திருவிழா மேடைகளில் அடுத்தவர்களின் பாட்டைத்தான் வாசிக்க முடிந்தது. இப்போதுதான் ஒரு வாய்ப்பு வந்திருந்தது, அதுவும் ஒரு நிபந்தனையோடு.

தயாரிப்பாளர் சிங்காரவேலுவுக்குத் தா.பழூரில் ரைஸ் மில். அவருடைய போன படத்தை, மெட்டு வேறு யாருடையதோ என்று சொல்லி இணையத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். அதனால் இந்த முறை முதலிலேயே சொல்லிவிட்டார். "எங்கயோ கேட்டாப்புல இருக்குன்னு ஒரு ஆளு சொல்லக்கூடாது. சொன்னா மெட்ராசுலேர்ந்து வேற ஆளு வருவாரு."

மறுநாள் காலை மில்லில் போட்டுக் காட்ட வேண்டும்.

பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலியிடம் மெட்டை வாசித்துக் காட்டினான். அப்படி ஒரு பாட்டே இல்லை என்றது செல்போன். உலகத்துப் பாட்டெல்லாம் தெரிந்த செல்லுக்குத் தெரியாதது பெரியம்மாளின் காலுக்குத் தெரிந்திருந்தது.

மெட்டை மெதுவாக்கி, டீக்கடையில் நின்று ஒலிக்கவிட்டான். பெஞ்சில் இருந்த நான்கு பேர் பேச்சை நிறுத்தாமலே காலை மடக்கிக்கொண்டார்கள். ஒருவர் எழுந்துபோய் தன் வண்டியை உள்ளே தள்ளி நிறுத்திவிட்டு வந்தார்.

மணியோசைக்கு மாற்றினான். தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து ஓரமாகப் போய்ப் படுத்தது.

இயக்குநர் திருமுருகனுக்குப் போன் போட்டான்.

"பயப்படாதடா," என்றான் திருமுருகன். "பனி கொட்டுற ஊர்ல, ரயிலுக்கு நிக்கிற பொண்ணு மனசு மாதிரியே இருக்கு."

"நீ எடுத்தது அரும்பாவூர் மக்காச்சோளக் காடு."

"மனசுக்கு ஏதுடா ஊரு. அந்த மணியையே வச்சிடு."

மறுநாள் மில் களத்தில் திரை கட்டியிருந்தார்கள். சிங்காரவேலு நாற்காலியில் உட்கார்ந்தார். வேலையாட்கள் பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். மக்காச்சோளத்துக்கு நடுவே கதாநாயகி கதாநாயகனை நோக்கி நடந்து வந்தாள். மெட்டு தொடங்கியது.

பத்துப் பேரும் சேர்ந்து இரண்டடி பின்னால் போனார்கள்.

லாரி எடைமேடைக்காரர் தமிழழகன் மட்டும் நகரவில்லை. கையை உயர்த்தி, திரையிலிருந்த கதாநாயகியைப் பார்த்து ஆட்டினார். "வரட்டும்... வரட்டும்... இன்னும் வரட்டும்... ஹோல்டான்."

கதாநாயகி சரியாக அங்கேதான் நின்றாள்.

களமே சிரித்தது. தமிழழகனுக்கே வெட்கமாகிவிட்டது. "பழக்க தோஷங்க. இது செல்லமுத்து அண்ணன் டிப்பரு ரிவர்ஸ் போவயில பாடுற பாட்டு. நல்லாருக்குன்னு அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல்லு அடிக்கிற வண்டியெல்லாம் அவருட்டேர்ந்து வாங்கி மாட்டிருச்சு."

இளவரசனுக்கு விளங்கிவிட்டது. தினமும் அந்த வண்டிகளுக்கு நடுவேதான் ரோட்டைக் கடக்கிறான். காது எப்போதோ எடுத்து மனசிடம் கொடுத்திருக்கிறது. மனசு அதைத் தன்னுடையது என்று நம்பிவிட்டது.

"ஏன் தம்பி," என்றார் சிங்காரவேலு, "சுடுறதுன்னு ஆயிடுச்சு, டிப்பரு பின்பக்கந்தான் கெடச்சுதா?"

"தெரிஞ்சு எடுக்கலைங்க."

"பெரிய பெரிய படத்துலயே இப்படியெல்லாம் நடக்குது சார்," என்றான் திருமுருகன்.

"பெரிய ஆளு எடுத்தா தாக்கம்னு சொல்லுவாங்க. நம்ம எடுத்தா படத்தைத் தூக்கிருவாங்க. அந்தச் செல்லமுத்து சம்மதம்னு கையெழுத்துப் போட்டா வச்சுக்கலாம். சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் மெட்ராசுக்குப் போன் போட்டுருவேன்."

அரியலூர் லாரி நிறுத்தத்துக்கு இளவரசனும் திருமுருகனும் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. வெள்ளைப் புழுதி பூசிய ஒரு டிப்பர் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அவனுடைய காதல் மெட்டு, மணியோசையில், ஒரு சுரம் பிசகாமல் ஒலித்தது. இளவரசன் கண்ணை மூடிக் கேட்டான். திறந்தபோது இரண்டடி தள்ளி நின்றிருந்தான்.

வண்டியிலிருந்து செல்லமுத்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இளவரசனை உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, ஒங்க வண்டிப் பாட்டு," என்று தாளை நீட்டினான் இளவரசன். "தெரியாம என் படத்துல வச்சுட்டேன். தப்புத்தான். சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா..."

"டைட்டில்ல ஒங்க பேரைப் போட்டுருவோம்ணே," என்றான் திருமுருகன். "இசை, இளவரசன், செல்லமுத்துன்னு."

செல்லமுத்து தாளை வாங்கினார். படிக்கவில்லை. மறுபடி இளவரசனின் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை மேலே வைத்து, தன் சட்டைப் பையிலிருந்த பேனாவையும் சேர்த்து அவனிடமே நீட்டினார்.

"மொதல்ல நீங்க எனக்குப் போட்டுக் குடுங்க தம்பி, பாடாலூரு செல் கடையில நீங்க சொந்தமா ரிங்டோனா அடிச்சுக் குடுத்ததைத்தான், ஒங்களைக் கேக்காமலே ஒம்போது வருசமா வண்டியில ஓட்டிக்கிட்டு இருக்கேன்."