துண்டுக்கடியில் விலைபோன கிட்டார்

நோர்வூட்,
12.6.1959

மேன்மைமிகு மாப்பிள்ளை கணேசமூர்த்தி அவர்களுக்கு,

உங்கள் மச்சான் சோலைமலை எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டாரும் மாடு கன்றுகளும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும் தங்கச்சி நாகலெட்சுமியின் சுகத்தையும் மருமகள் அழகம்மாவின் சுகத்தையும் முருகன் பார்த்துக்கொள்வான். உங்கள் கோபத்தை மட்டும் நான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்கள் கடுதாசி கிடைத்தது. தோட்டத்து ஆபீசில் எழுதிப் பழகிய கை, திட்டும்போதுகூட வரி கோணவில்லை. துரை சீமைக்குப் போகும்போது உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன அமெரிக்கக் கிட்டாரை நான் நூற்று நாற்பது ரூபாய்க்கு, அதாவது அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டேன் என்றும், அது ஐந்நூறு பெறும் என்று கொழும்பிலிருந்து வந்த ஒரு கனவான் சொன்னதாகவும், ஒன்று வாங்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மீதியை நானே கட்ட வேண்டும், இரண்டும் முடியாவிட்டால் அழகம்மாவின் காதுகுத்துக்கு வரக்கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். பணமும் கட்ட மாட்டேன். காதுகுத்துக்கு வருவேன். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையைக் கொழும்புக் கனவான் மடியிலா வைத்துக் குத்துவீர்கள்? பிள்ளை வீறிட்டால் அவர் கால்சட்டைக்கு யார் பொறுப்பு? அடிமாட்டு விலை எது, கறவை விலை எது என்று எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம் மாப்பிள்ளை, நான் அதில்தான் சோறு சாப்பிடுகிறேன்.

"இந்த மரக்கட்டைய எங்கயாவது தள்ளிவிடுங்க மச்சான், எனக்கு ரேடியோவுக்குக் காசு வேணும்" என்று கொடுத்தது நீங்கள். லிந்துலையிலிருந்து அதைக் கொண்டுவந்த பாட்டை யாரும் கேட்கவில்லை. கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றுகிறார்கள், எதிரே இருந்தவர் பீடியை அணைக்கிறார். ஒரு அம்மா மெல்ல என் தோளைத் தொட்டு, "என்னாச்சுங்க?" என்று கேட்டார். நான் சாமானைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "ஈரம் ஒத்துக்கலைங்க, வயிறு ஊதிப்போச்சு, கழுத்தும் சரியா நிக்கல" என்றேன். அந்த அம்மா "எத்தன வயசுப் புள்ளைங்க?" என்று பெட்டியைத் தடவி அழ ஆரம்பித்து, ஹட்டன் வரைக்கும் நான்தான் அவரைத் தேற்றிக்கொண்டு வந்தேன். கண்டக்டர் என்னிடம் டிக்கட் காசே வாங்கவில்லை. அதையும் உங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்காமல் விலை சொன்னேன் என்று எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாட்டுக்கு என்னென்ன பார்ப்பேனோ அத்தனையும் பார்த்தேன். முறுக்காணிகளில் ஒன்று மூளி, விலையைக் குறைத்தேன். கழுத்துத் தேய்ந்திருந்தது, நன்றாக உழைத்த சாமான் என்று ஏற்றினேன். தட்டினால் நெஞ்சுக்குள் வரைக்கும் கேட்கிற குரல், இன்னும் ஏற்றினேன். முதுகுப் பலகையில், மாட்டுக்கு இருந்தால் வாங்கியவன் குடும்பம் விளங்காது என்று சொல்கிற இடத்தில், ஒரு சுழி இருந்தது. மனச்சாட்சிக்குப் பயந்து மறுபடியும் குறைத்தேன். கொழும்புக் கனவான் சுழி பார்த்தாரா?

அதோடு விடாமல் ஹட்டனில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற சரிபுதீன் நானாவிடமும் காட்டினேன். ஊருக்குப் போகிற துரைமார் வீட்டுச் சாமானெல்லாம் அவர் கடைக்குத்தான் வருகிறது. அவர் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமான் உசத்திதான் சோலைமலை, இல்லேங்கல. வாங்குறதுக்கு ஆள் வேணுமே. போன மாசம் ஒருத்தர் பியானோ வாங்கிட்டுப் போனார், கோழி அடைக்க. அறுவது தாரேன், வெச்சிட்டுப் போங்க." நான் வைத்துவிட்டு வரவில்லை. உங்கள் சாமான் என்பதால் மறுபடியும் தூக்கிக்கொண்டு நோர்வூட்டுக்கே வந்தேன்.

அப்புறம் வீடு தேடி ஒரு ஆள் வந்தது. தட்டிப் பார்க்கவில்லை, சுழி பார்க்கவில்லை, எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. வைத்துக்கொண்ட விதத்திலேயே இதற்கு இதுதான் இடம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. இருந்தாலும் தொழில் தொழில்தான். துண்டை விரித்தேன். மாட்டுச் சந்தை வழக்கப்படி துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசினோம். நூற்று நாற்பதில் அந்தக் கை என் விரலை விட்டுவிட்டது, அதற்கு மேல் அதனிடம் இல்லை. விற்கிறவனுக்கும் கொஞ்சம் வலிக்க வேண்டும், வாங்குகிறவனுக்கும் கொஞ்சம் வலிக்க வேண்டும், அதுதான் என் கணக்கில் நியாய விலை. ஐந்நூறு பெறும் என்று வாயால் சொல்வதற்குக் கனவானுக்கு எங்கே வலித்தது? அவர் கையை என் துண்டுக்குள் விடச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

தரகாக ஒரு சதம் எடுக்கவில்லை. ஆனால் துண்டுக்குள் கைவிட்டவரின் பெயரை மட்டும் என் கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கு இந்த மலையில் ஒருவனும் என்னை நம்பி மாட்டை அவிழ்க்க மாட்டான். மருமகளுக்குத் தோடு வாங்கியாயிற்று. வாசலில் நின்று மறித்தால் கொல்லைப்புறமாக வந்து உட்காருவேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். அழகம்மாவுக்கு என் முத்தங்கள். நீங்கள் தீர்க்காயுசாக இருந்து இதேபோல அழகான கையெழுத்தில் என்னைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

உங்கள் மச்சான்,
சோலைமலை,
மாட்டுத் தரகு.

பின்குறிப்பு: பெயரைச் சொல்ல மாட்டேன் என்று மேலே எழுதிய இடங்களை அடித்துவிட்டுப் படிக்கவும். கடுதாசியை ஒட்டுவதற்குள் வாங்கின ஆளிடமிருந்தே சேதி வந்துவிட்டது. "அண்ணே, எனக்காக நீங்க பேச்சு வாங்க வேணாம். பேரச் சொல்லிடுங்க. ஒளிச்சு ஒளிச்சு வாசிச்சது போதும். காதுகுத்து அன்னிக்கு எல்லாரும் பாக்க அவுக முன்னாலயே வாசிக்கப் போறேன்." நாகலெட்சுமிதான். உங்கள் கட்டிலுக்கடியில் அந்த மரக்கட்டை கிடந்த காலமெல்லாம் நீங்கள் ஆபீசுக்குப் போன பிறகு எடுத்து, தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள். கொடுத்தது பால் விற்ற காசு, அந்தக் காசில்தான் உங்கள் ரேடியோ பாடுகிறது. கிட்டார் உங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகைப் பரணில் இருக்கிறது. விலை போதாது என்றால் மீதி முந்நூற்று அறுபதை அவளிடமே கேளுங்கள். கேட்கப் போகிற நாளை மட்டும் முன்கூட்டியே எனக்குத் தெரியப்படுத்தவும், நான் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுகிறேன்.