சேத்தியாத்தோப்பு ஃபுல்பேக் மேல் கட்டிய பிராது

கால்பந்தைத் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட உதைக்காமல் அந்த விளையாட்டுக்கு இவ்வளவு சேதம் செய்த மனிதர் பிளாஸ்டரைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. விருத்தாசலம் டீமில் ஆடியவர்கள் பதினோரு பேரும் சேர்ந்து கெடுத்த ஆட்டத்தைவிட, கோட்டுக்கு வெளியே நின்று அவர் ஒருவர் கெடுத்த ஆட்டம் அதிகம்.

அறுபதுகளின் கடைசியில், எங்கள் ஊர்ப் பீங்கான் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் சரக்கு அனுப்பும் கிளார்க். அங்கே அவர் அச்சு செய்கிறவர். கப், சாசர், ஜாடி, பொம்மை எதுவானாலும் முதலில் பிளாஸ்டரில் அச்சு எடுக்க வேண்டும். பிறகு அதில் களிமண் கரைசலை ஊற்றினால்தான் பொருள் வரும். வேலையில் மனிதரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய அச்சில் பிறந்த யானைப் பொம்மைக்குத் தும்பிக்கை உடைந்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு வேலை தெரிந்ததால் எல்லா வேலையும் தெரியும் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டதுதான் எங்கள் ஊர் செய்த பாவம். சம்பளப் பட்டியல் முதலாளியின் மைத்துனரிடம் இருந்ததால் அவருடைய சொந்தப் பெயர் எனக்கும் தெரியாது. ஊருக்கே அவர் பிளாஸ்டர்தான்.

ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் ஒரு ஆட்டத்துக்கு இருபது தடவையாவது கத்துவார். பந்து வெளியே போனால் ஆஃப்சைடு. எதிர் டீம் கோல்கீப்பர் தும்மினால் ஆஃப்சைடு. ஒரு நாள் மைதானத்துக்குள் எருமை புகுந்தபோதும் கத்தினார். அன்றைக்கு மட்டும் ரெஃப்ரி அவர் பக்கம் பார்த்துத் தலையாட்டினார்.

எதிர் டீம்களைப் பற்றி அவர் வைத்திருந்த அபிப்பிராயங்களை அப்படியே அச்சில் ஏற்றினால் பத்திரிகை ஆசிரியர் என்மேல் வழக்குப் போடுவார். நாகரிகமானதை மட்டும் சொல்கிறேன்.

"ஸ்ரீமுஷ்ணத்தானுங்களா? காலையில கோயில்ல பொங்கல வாங்கித் தின்னுட்டு, சாயந்தரம் அதைச் சொமந்துகிட்டு ஓடறானுங்க. எங்கேருந்து ஓடறது?"

"திட்டக்குடி பதினோரு பேருமே வெவசாயம் பண்றவனுங்க. பந்து அவனவன் வரப்புக்குள்ள வந்தாத்தான் தொடுவான். அடுத்தவன் வரப்புன்னா வேடிக்கை பாப்பான்."

சேத்தியாத்தோப்பைப் பற்றிக் கேட்டால் வார்த்தையே இருக்காது. துப்புவார், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் ஸ்ரீமுஷ்ணத்தை எப்படியோ இரண்டு கோலில் ஜெயித்துவிட்டோம். உடனே பிளாஸ்டர் இரண்டு கையும் இல்லாத ஒரு கோல்கீப்பர் பொம்மை செய்து, சூளையில் வேகவைத்து, வைக்கோல் சுற்றி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அந்த டீம் கேப்டனுக்கு அனுப்பினார். அடுத்த வருஷம் அவர்கள் எங்களுக்கு ஐந்து கோல் போட்டார்கள். பொம்மை அதே பஸ்ஸில் திரும்பி வந்தது. மாவால் இரண்டு கை ஒட்டி, அந்தக் கைகளால் அது தன் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தது. பிளாஸ்டர் இரண்டு நாள் டீக்கடைப் பக்கம் வரவில்லை.

எங்கள் டீமில் நிஜமாக ஆடத் தெரிந்தவன் ஒருவன்தான். ஜோசப்பு, சென்டர் ஃபார்வர்டு. அவன் காலில் பந்து இருந்தால் எங்கள் ஊர்க்காரர்கள்கூட வாயை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். சேத்தியாத்தோப்போடு நடந்த செமி ஃபைனலில் அவனும் எதிர் டீமின் ஃபுல்பேக் கலியமூர்த்தியும் ஒரே பந்துக்குப் பாய்ந்தார்கள். கலியமூர்த்தி எழுந்தான். ஜோசப்பு முட்டியைப் பிடித்துக்கொண்டு புரண்டான்.

எங்கள் ரசிகர்களின் மகிமையை அன்றைக்குப் பார்க்க வேண்டுமே! ஒருவரும் மைதானத்துக்குள் இறங்கவில்லை. நின்ற இடத்திலேயே வைத்தியம் ஆரம்பித்துவிட்டார்கள். "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்றார் ஒருவர். "முட்டிச் சில்லு நவுந்திருக்குது" என்றார் பக்கத்தில் இருந்தவர். "ஒண்ணும் இல்ல, பெனால்டிக்கு நடிக்கிறான். நல்லாத்தான் நடிக்கிறான்" என்று மூன்றாவது ஆள் பெருமைப்பட்டார். ஓடிப்போய் ஜோசப்பைத் தோளில் தூக்கியவர் பிளாஸ்டர் மட்டும்தான். அத்தோடு நிறுத்தியிருந்தால் அவருக்குச் சிலை வைத்திருக்கலாம்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் அண்ணே" என்றேன்.

"யோவ் கிளார்க்கு, ஆஸ்பத்திரியில என்னா போடுவான்? பிளாஸ்டரு. நம்மகிட்ட என்னா இருக்குது? மூட்டை மூட்டையா பிளாஸ்டரு. அப்பறம் எதுக்கு அவன் வாசல்ல போயி நிக்கணும்?"

இதில் உள்ள ஓட்டை எனக்கு அப்போது தெரியவில்லை. நான் பி.யு.சி. வரை படித்தவன் என்பதை இங்கே வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

கம்பெனிக்குத் தூக்கிப் போனோம். ஜோசப்பின் காலைப் பலகைமேல் நீட்டி, அச்சு ஒட்டாமல் கழன்று வர சோப்புக் கரைசல் தடவி, நாலு பக்கமும் கட்டை வைத்து, ஜாடிக்கு எடுப்பது போலவே அச்சு எடுத்தார். முதலில் கீழ்ப்பாதி, அது இறுகியதும் மேல்பாதி. நான் வாளி வாளியாகக் கலக்கிக் கொடுத்தேன். பிளாஸ்டர் இறுகும்போது சுடும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். காலுக்கும் சுடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

"அண்ணே, சுடுதுங்கண்ணே!"

"சூடு ஏறினாத்தான்டா எறுகும். பொம்மை எதுனா கத்துதா?"

கட்டு முடிந்தபோது அந்தக் கால் மட்டும் ஒரு ஆள் கனம் இருந்தது. மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டில் போட்டோம். "ஒரு மண்டலம் பிரிக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டு பிளாஸ்டர் போய்விட்டார். தினமும் வேலை விட்டதும் அங்கே போய், அன்றைக்கு எந்தெந்த டீம் எப்படியெல்லாம் கேவலமாக ஆடியது என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

நாற்பத்தெட்டாம் நாள் பிரித்தோம். இரண்டு பாதியும் சொன்னபடி கேட்டுக் கழன்றன. பிளாஸ்டர் காலைப் பார்க்கவில்லை, அச்சின் உள்பக்கத்தைப் பார்த்தார். "சில்லுகூட எப்படி வுழுந்திருக்குது பாருய்யா!" என்று பூரித்தார். பிறகுதான் நினைவு வந்து, "எங்க, மடக்குடா" என்றார்.

"மடங்கலண்ணே."

அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் முட்டியைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார். "ஜவ்வு லேசா பிசகினதுதான். பத்து நாள் துணிக்கட்டு போட்டு, மெள்ள மெள்ள மடக்க வெச்சிருந்தா இந்நேரம் ஓடியிருப்பான். ஒன்றரை மாசம் கல்லுக்குள்ள பொதைச்சு வெச்சா முட்டி எறுகாம என்ன செய்யும்? எந்த மடையன்யா இதைச் செஞ்சது?"

நாங்கள் மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம்.

வெளியே ரசிகர் கூட்டம் காத்திருந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று சூழ்ந்துகொண்டார்கள். பிளாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "சேத்தியாத்தோப்பான் ஒதைச்ச ஒதைக்கு வைத்தியமே கெடையாதாம்" என்றார். ஜோசப்பு மறுக்கவில்லை. வாளி தூக்கிய நானும் மறுக்கவில்லை.

பொய் அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கூட்டத்தில் ஒருவர் "பிராது கட்டணும்!" என்று கத்திவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவன் அநியாயம் செய்தால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்குக் காகிதத்தில் பிராது எழுதிக் கோயிலில் கட்டிவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துவிடுவார் என்பது நம்பிக்கை. வழக்கு முடிந்ததும் கட்டினவர்களில் ஒருவரே போய் வாபஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். பொய் சொன்ன பிளாஸ்டரால் பின்வாங்க முடியவில்லை. இருபது சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதியவன் நான். எதிராளி: சேத்தியாத்தோப்பு கலியமூர்த்தி. கோரிக்கை: ஜோசப்பின் கால் போல அவன் காலும் மடங்காமல் போக வேண்டும். ஜோசப்பு மாதா கோயிலுக்குப் போகிறவன். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த மூன்று மாதம் எங்கள் ஆட்கள் வாரத்துக்கு ஒருவராக சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறி, தீர்ப்பு வந்துவிட்டதா என்று வேவு பார்த்தார்கள்.

"நடக்கிறானா?"

"ஓடறான்யா."

"நல்லாப் பாத்தியா?"

"ஒரு நாளு லேசா நொண்டுனான். கிட்டப் போயி பாத்தா செருப்பு வாரு அறுந்திருக்குது."

மூன்று மாதம் முடிந்ததும் ரசிகர்கள் சாமியையும் ஆஃப்சைடு என்று ஒதுக்கிவிட்டு வேறு வம்புக்குப் போய்விட்டார்கள். ஜோசப்பு எப்படிச் சாப்பிடுகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்கு முதலாளியோடு சண்டை போட்டு எங்கள் கம்பெனியிலேயே, உட்கார்ந்தபடி கப் விளிம்பில் தங்கக் கோடு போடும் வேலை வாங்கித் தந்தது பிளாஸ்டர்தான். தினமும் சைக்கிள் கேரியரில் வைத்து அழைத்து வருவார். மடங்காத கால் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு போகிற வருகிறவர்களை இடிக்கும். இடிபட்டவர்களை பிளாஸ்டர் திட்டுவார். "கண்ணு தெரியலியா? வண்டி வருதுல்ல?" பிறகு ஒரு நாள், லாரியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிக்குக் கட்டுவது போல, ஜோசப்பின் கால் கட்டைவிரலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார். எழுபதுகளில் விருத்தாசலத்தில் இருந்தவர்கள் யாரும் அந்தச் சிவப்புத் துணியை மறந்திருக்க மாட்டார்கள்.

இப்படி ஏழெட்டு வருஷம் ஓடியது. ஒரு நாள் காலை கம்பெனி வாசலில் ஒரு ஆள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நொண்டிக்கொண்டே வந்து நின்றான். கலியமூர்த்தி.

"ரைஸ் மில்லு படியில வுழுந்துட்டேங்க. முட்டி வீங்கிக் கெடக்குது. நீங்க பிராது கட்டுனது தெரியும்ங்க. இத்தினி வருசம் சாமி வுட்டுவெச்சிருந்துது, இப்பப் புடிச்சிடுச்சு. நான் பந்துக்குத்தான் போனேங்க, அவரை ஒதைக்கணும்னு போகலீங்க. பொண்டாட்டி புள்ளைய நெனைச்சு வாபஸ் வாங்கிடுங்க."

சொல்லிக்கொண்டே அந்த ஆறடி ஆள் அழுதான். பிளாஸ்டர் குனிந்து அவன் முட்டியைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று பார்த்தேன்.

"கட்டு போட்டியா?" என்றார்.

"இன்னும் இல்லீங்க. எங்கூர்ல ஒருத்தரு..."

"போடாதே! எவன்கிட்டயும் கட்டு போட்டுக்காதே! டாக்டர்கிட்ட போடா, மடையா! நேரா டாக்டர்கிட்ட போ!"

உள்ளே கோடு போட்டுக்கொண்டிருந்த ஜோசப்பு வாய்விட்டுச் சிரித்துவிட்டான். கையிலிருந்த கப்பில் தங்கக் கோடு கோணலாகப் போயிற்று. பிளாஸ்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்டா, அன்னிக்கே ஊருக்குச் சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.

"எதுக்குண்ணே? அத்தினி பேரு நின்னாங்க. தூக்குனது நீ ஒருத்தன்தான்."

முதலில் கலியமூர்த்தியை டாக்டரிடம் காட்டினோம். வெறும் வீக்கம், ஒரு வாரத்தில் சரியாகும் என்றார். அதை டாக்டர் வாயால் மூன்று தடவை சொல்ல வைத்த பிறகுதான் பிளாஸ்டர் நகர்ந்தார். அங்கிருந்து மணவாளநல்லூர். நான் வாபஸ் எழுதிக் கொடுத்தேன். கலியமூர்த்தி நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டு, நொண்டுவதை அப்போதே பாதி மறந்து பஸ்ஸுக்குப் போனான்.

கிளம்பலாம் என்று எழுந்தேன். பிளாஸ்டர் எழவில்லை.

"இன்னொரு பேப்பர் எடு, கிளார்க்கு. அதே பிராதுதான். எதிராளி பேரை மட்டும் மாத்து."

"யார் பேரு அண்ணே?"

சொன்னார். இத்தனை வருஷத்தில் அவருடைய சொந்தப் பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த வாய்க்குக் கொஞ்சமும் பொருந்தாத சாதுவான பெயர். கோரிக்கை என்ன எழுதட்டும் என்றேன். "அதைச் சாமி பாத்துக்கும். நீ பேரை ஒழுங்கா எழுது" என்று அதட்டினார். எழுதினேன். அதற்குக் கீழே, அவரைக் கேட்காமல், என் பெயரையும் எழுதினேன்.

காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாளி தூக்குனவன்லாம் பிராதுல எடம் கேட்டா சாமி தாங்குமாய்யா?"

ஆனால் என் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. சுருட்டி, நூல் சுற்றி, அவரே கட்டினார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அந்தப் பிராதை வாபஸ் வாங்க மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான். ஊருக்குப் போகும்போதெல்லாம் கோயில் வாசல்வரை போகிறேன், கும்பிடுகிறேன், எழுதிக் கொடுக்காமல் திரும்பிவிடுகிறேன். அவர் பெயரும் என் பெயரும் சேர்ந்து இருந்த காகிதம் அது ஒன்றுதான். அதை ரத்து செய்ய எனக்கு மனசு வரவில்லை.