ஐந்துக்கு ஐந்து போட்ட ஒழுங்கை

இரவுச் சமையலிலிருந்து விஞ்ஞான முறைப்படி விடுதலை பெறுவதென்று சிவதர்ஷன் தீர்மானித்தான். வருகிற திங்கட்கிழமை அவன் மனைவி வதனிக்குப் பாடசாலையில் கணித ஆசிரியர் வேலை தொடங்குகிறது. அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு அவன் பொறுப்பு என்று சொல்லிவிட்டாள். 'ஏலாது' என்று நேரே சொல்ல அவனுக்குத் துணிவில்லை. துணிவில்லாத மற்ற ஆண்கள் வயிற்றுவலி என்பார்கள். இவன் உளவியலில் முதுமாணிப் பட்டம் படிக்கிறவன், ஆராய்ச்சி என்றான்.

இரண்டு அளவுகோல்கள் செய்தான். ஒன்று, வீட்டு வேலையில் புருசன் எவ்வளவு கைகொடுக்கிறான் என்பது. மற்றது, பெண்சாதியின் மனநிறைவு. இரண்டுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி. முதலாவது ஏறினாலும் இறங்கினாலும் மற்றது கூடவே அசையாவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. சாராதவை என்றால் அவன் ஏன் சமைக்கவேண்டும்?

வதனியின் ஊரான குருக்கள்மடத்தில் கலியாணம் முடித்தவன் பெண்வீட்டோடு வந்து இருப்பதுதான் வழக்கம். அவர்கள் வீடிருந்த சிறு தெரு, அந்த ஒழுங்கை முழுக்க, வதனியின் அக்காமார், சின்னம்மாமார், அவர்களுடைய பெண்மக்கள். சிவதர்ஷன் வீடு வீடாக ஏறினான். மாலை நேரம். புருசன்மார் எல்லாரும் வாசலில் கதிரை போட்டு இருந்தார்கள்.

"மச்சாள், இவர் வீட்டு வேலை செய்யிறவரா?"

"இவரா? குடிச்ச கோப்பையையும் நகத்தமாட்டார். ஒன்டு போடுங்க தம்பி."

"உங்கட மனநிறைவு?"

மச்சாள் புருசனைப் பார்த்தாள். "அதுக்கென்ன குறை? அஞ்சு."

வீட்டு மாப்பிள்ளையிடம், அதுவும் தாலி கட்டினவன் காது கேட்க, எந்தப் பெண் வேறு சொல்வாள்? இதைக்கூட யோசிக்காத படிப்பு என்ன படிப்போ! உதவிப் புள்ளி வீட்டுக்கு வீடு மாறியது. மனநிறைவு மட்டும் எல்லா வீட்டிலும் ஐந்து. கணினியில் போட்டான். விடை வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதையும் பூச்சியம் என்றே எடுத்துக்கொண்டான்.

"வதனி! துளியும் தொடர்பில்லை!"

"எல்லாரும் அஞ்சோ?"

"எல்லாரும்."

"அசையாத ஒன்டை வைச்சு, அது எதோட அசையுது என்டு எப்பிடிப் பாக்கிற? கம்பியூட்டருக்கே வெக்கமாப் போய் வெறுமையா விட்டிரிக்கு. என்ட சனத்த நான் கேக்கிறன், இரிங்க."

அடுத்த நாள் விடிய, ஆண்கள் தோணியேறி அக்கரை வட்டைக்கு வயல் வேலைக்குப் போய்விட்டார்கள். அதே பெண்களிடம் அதே கேள்விகளை வதனி கேட்டாள். ஒழுங்கை வாய் திறந்தது. பிள்ளைக்குச் சோறூட்டுகிறவனின் பெண்சாதி நாலு போட்டாள். கோப்பை நகர்த்தாதவனின் பெண்சாதி, ஒன்றுக்குக் கீழே ஏதும் இல்லையா என்று கேட்டாள்.

சிவதர்ஷன் கணினியைப் பார்த்தான். இரண்டு அளவுகோலும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. அவன் முகம் கறுத்தது. உடனே மலர்ந்தது.

"தொடர்பு இரிக்கு, ஒத்துக்கிறன். ஆனா அதுதான் காரணம் என்டு சொல்லேலாது! பொம்புள சந்தோசமா இரிந்ததால புருசன் உதவி செய்திரிக்கலாம். பரிசோதனை செய்யாம எவருக்கும் தெரியாது."

"மெய்தான்," என்றாள் வதனி. "திங்கக்கிழமை தொடங்குங்க. நீங்க சமைங்க, நான் புள்ளி போடுறன்."

கடைசித் துருப்புச் சீட்டை இறக்கினான். "ஒப்பிட்டுப் பாக்கச் சமைக்காத புருசனும் வேணுமே! அதுக்கு நான் இரிக்கிறன்."

"அதுக்கு ஒழுங்கை நிறைய ஆள் இரிக்கு."