தொண்ணூறு கிலோ நாற்காலி

ஆறு கிலோ குறைப்பது என்று முடிவு செய்தேன். உடம்புக்காக இல்லை. என் உடம்பைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. நாற்காலிக்காக.

நான் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவன். சிரிக்காதீர்கள், அப்படி ஒரு வேலை இருக்கிறது. என் மாமனாரும் முதலில் நம்பவில்லை. பெண் கொடுப்பதற்கு முன் தொழிற்சாலை வாசல்வரை வந்து விசாரித்துவிட்டுத்தான் போனார். அடுப்பிலிருந்து இறங்கும் சரக்கில் தினமும் ஆறு மாதிரி என் மேஜைக்கு வரும். கடித்துப் பார்த்து, அறிக்கை எழுதி, மறுநாள் காலை மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். வெள்ளைச் சுவர், ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மூலையில் ஒரு தொட்டி. கடித்ததை விழுங்காமல் அந்தத் தொட்டியில் துப்ப வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர் வாழ்நாளில் பிஸ்கட் சாப்பிட்டிருக்க மாட்டார். சூடான வெண்ணெய் பிஸ்கட்டை வாயில் போட்டுவிட்டுத் துப்பு என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? இருபது வருடமாக நான் துப்பியதில்லை. வேலைக்குச் சேரும்போது அறுபத்திரண்டு கிலோ. முடிவு செய்த அன்று தொண்ணூற்றாறு.

இத்தனை வருடமும் ஒரு வம்பும் இல்லை. சில மாதம் முன்பு கம்பெனிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். வந்த மூன்றாம் நாளே சுற்றறிக்கை. தின்பண்டப் பிரிவில் தொண்ணூறு கிலோவுக்கு மேல் இருப்பவர்கள், உடல்நலம் கருதி, அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள். எட்டு வாரம் கெடு. அட்டைப்பெட்டிப் பிரிவில் காலை முதல் மாலைவரை காலிப் பெட்டிக்குப் பசை தடவி லேபிள் ஒட்ட வேண்டும். அங்கே வாயில் வைக்கப் பசையைத் தவிர வேறு ஒன்றும் கிடைக்காது.

மனைவியிடம் சொன்னேன்.

"தொண்ணூறுக்கு மேல போனா வெளியே அனுப்பிடுவாங்களாங்க?"

"வெளியே இல்ல. பெட்டிக்கு."

"உங்க அளவுக்குப் பெட்டி செய்யறாங்களா என்ன?"

"விளையாடாதே. இருபது வருஷ நாற்காலி. மானப் பிரச்சினை."

"மானம் இல்லீங்க, மாவு. மாவு, சர்க்கரை, வெண்ணெய். மூணையும் விட்டா தானா இறங்கும்."

"வீட்டுல விட்டுடறேன். ஆபீஸ்ல எப்படி விடறது? கடிக்கறதுதானே வேலை."

"கடிச்சுட்டுத் துப்புங்க."

"அது மட்டும் ஆகாது."

முயற்சி செய்யாமல் சொல்லவில்லை. மறுநாள் தொட்டிவரைக்கும் போனேன். குனிந்தேன். வாயையும் திறந்தேன். தொண்டை முந்திக்கொண்டது. வீட்டில் வேகவைத்த காய்கறி, கீரை, உப்பில்லாத சூப். ஆபீஸில் ஆறு மாதிரி. ஒவ்வொரு மாதிரியிலும் சந்தேகம் தீர இன்னொன்று. ஒரு வாரம் கழித்து எடை பார்த்தேன். தொண்ணூற்றாறரை. சூப்பு சேர்த்த அரை கிலோ என்று வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. இந்த வேலைக்குத் தேவை ஒரு வாய். அது என் வாயாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? சுற்றறிக்கையைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். எழுதியிருக்கவில்லை.

அன்று ஆறு மாதிரியையும் எண் போட்ட காகிதத்தில் மடித்து, சாப்பாட்டு டப்பாவில் வைத்து, மூன்று ரப்பர் பேண்டு மாட்டினேன். மூன்று எதற்கு என்றால், பஸ்ஸில் வரும்போது இரண்டை நானே கழற்றிவிட்டேன். மூன்றாவதைக் கழற்றுவதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

"எனக்காக நீ ஒரு தியாகம் பண்ணணும்," என்றேன்.

"என்ன தியாகம்?"

"இந்த ஆறு பிஸ்கட்டையும் கடிச்சுப் பார்த்துச் சொல்லணும். நான் எழுதிக்கறேன்."

"பிஸ்கட் திங்கறதுக்குப் பேரு தியாகமா? இருபது வருஷமா நீங்க தியாகம் பண்ணிக்கிட்டா இருந்தீங்க?"

சொல்லிவிட்டு முதல் பிஸ்கட்டில் ஒரு ஓரத்தைக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் எதிரே உட்கார்ந்து கேரட்டைக் கடித்தேன். இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான்.

"பால் பவுடர் பழசு," என்றாள்.

"என்னது?"

"பழசுன்னேன். எழுதுங்க. ரெண்டாவது, சர்க்கரை சரியா சலிக்கலை, பல்லுல நெருடுது. மூணாவது பரவாயில்லை. நாலாவது அடுப்புல வச்சவருக்கு வீட்டுக்குப் போற அவசரம். நடுவுல வேகவே இல்லை."

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இருபது வருடத்தில் என் அறிக்கைகளில் இடம்பெற்ற வாக்கியங்கள் மொத்தம் மூன்று. நன்று. மிக நன்று. இன்னும் இரண்டு அனுப்பவும். இருந்தாலும் அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். வேறு என்ன எழுதுவது, கேரட்டைப் பற்றியா?

மறுநாள் மேனேஜர் கிடங்கைத் திறந்து பார்த்தாராம். பால் பவுடர் மூட்டை ஏழு மாதம் முந்தியது. அடுப்புக்காரரை விசாரித்ததில் முந்தின நாள் அவர் அரை மணி முன்னாலேயே கிளம்பியதும் வெளியே வந்தது. மேனேஜர் ருசி அறைக்கே வந்துவிட்டார். இருபது வருடத்தில் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

"இத்தனை நாளா உங்க நாக்கை எங்கே அடகு வச்சிருந்தீங்க?"

"வாயைக் கட்டினேன் சார். நாக்கு திறந்துக்கிச்சு."

சொல்லும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் நன்றாகவும் இருந்தது.

மாலையில் மனைவி கேட்டாள்.

"ஆபீஸ்ல என்ன சொன்னாங்க? நான் சொன்னது சரியா இருந்துச்சா?"

"யாருக்குத் தெரியும்? படிச்சாங்களோ என்னவோ."

இதை ஏன் சொன்னேன் என்று இப்போது கேட்டால் பதில் இல்லை. அவளுக்குத் தலைக்கனம் வந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அவள் மிச்ச பிஸ்கட்டை ஜன்னலுக்கு வெளியே குருவிகளுக்கு உதிர்த்துப் போட்டாள். அந்த மாதத்தில் எங்கள் தெருக் குருவிகள் பறப்பதையே குறைத்துக்கொண்டன. நான் குறைந்தேன். தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று மூன்றரை. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை.

தினமும் அவள் கடித்தாள், நான் எழுதினேன். வெண்ணெய்க்குப் பக்கத்தில் யாரோ சோப்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்றாள். வைத்திருந்தார்கள். உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார்கள் என்றாள். போட்டிருந்தார்கள். ஐந்தாவது வாரம் மேனேஜர் எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார். 'தங்கள் நாக்கின் நுட்பத்தை நிர்வாகம் வியந்து பாராட்டுகிறது' என்று ஆரம்பித்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நாலு தடவை படித்தேன். மறுநாள் பையில் தேடினேன், காணோம். சட்டை துவைக்கப் போயிருந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலை மனைவி வழக்கத்தைவிட அன்பாக இருந்தாள். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"நான் சொல்லச் சொல்ல எழுதறதுல உங்களுக்குக் கை வலிக்குமேங்க."

"கொஞ்சம் வலிக்கத்தான் செய்யுது."

"இனிமே நானே எழுதிடறேன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"உனக்குச் சிரமமா இருக்காதா?"

"எனக்கென்னங்க சிரமம்? நீங்க மெலியறதுதான் எனக்கு முக்கியம்."

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. அன்றிலிருந்து அவள் கடித்தாள், அவளே எழுதினாள். காலையில் நான் ஒரு கையால் ஷூவை மாட்டிக்கொண்டே மறு கையால் கையெழுத்துப் போட்டேன். படிப்பானேன்? படித்தால் வெண்ணெய், ஏலக்காய், மொறுமொறுப்பு என்று வரும். வெறும் வயிற்றில் அதையெல்லாம் படிக்கக் கூடாது. மேனேஜர் மட்டும் ஒரு நாள் கேட்டார்.

"எழுத்துகூட அழகாயிடுச்சே?"

"எடை குறையக் குறைய கை லேசாகுது சார்."

எட்டாவது வாரம் வெள்ளிக்கிழமை டாக்டர் அறையில் எடை பார்க்கும் மெஷின்மேல் ஏறினேன். ஷூவைக் கழற்றினேன். கடிகாரத்தையும் கழற்றினேன். மூச்சையும் விட்டுவிட்டு நின்றேன். எண்பத்தொன்பதரை.

டாக்டர் கை கொடுத்தார். நாற்காலி பிழைத்தது. ருசி அறைக்குப் போய் அதில் சாய்ந்து உட்கார்ந்து, ஏழு வாரத்துக்குப் பிறகு முதல் பிஸ்கட்டைக் கையில் எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

அவர் மேஜையில் அன்று காலை நான் கொடுத்த அறிக்கை இருந்தது.

"கடைசிப் பத்தி மட்டும் படிக்கறேன். சரியான்னு சொல்லுங்க," என்று ஆரம்பித்தார். "'இந்த அறிக்கைக்காக ருசி பார்த்தவரும் இதை எழுதியவரும் என் மனைவி. கடந்த ஏழு வாரமாக நான் ஒரு பிஸ்கட்டும் கடிக்கவில்லை. பாராட்டுக் கடிதமும் அவருக்குச் சேர வேண்டியதே. ஐயம் இருந்தால் அவரை நேரில் அழைத்துச் சோதிக்கலாம். நாளை காலை பத்து மணி அவருக்கு வசதிப்படும்.'"

மேனேஜர் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"கீழே இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

குனிந்து பார்த்தேன். என் கையெழுத்துதான். அடியில் இரண்டு கோடு வேறு இழுத்திருந்தேன்.

"கையெழுத்து என்னோடதுதான் சார்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சொந்தப் பேனாவில் வைத்துக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்குப் போனேன். அவள் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன காரியம் பண்ணியிருக்கே?"

"என்ன பண்ணினேன்?"

"அறிக்கையில அப்படி எழுதலாமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லாம என்ன? எழுதி உங்க கையிலதானே கொடுத்தேன்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "தினமும் வாசல்ல நின்னு கேட்டேன், நான் சொன்னது சரியா இருந்துச்சான்னு. படிச்சாங்களோ என்னவோன்னீங்க. அந்தக் கடிதாசியைப் பையில பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க. சரி, நீங்க படிக்கறீங்களோ என்னவோன்னு நானும் ஒரு தடவை பார்த்துட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை வெளியே காட்டாமல் ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு ருசி அறையில் பத்துத் தட்டு வைத்தார்கள். மேனேஜர் சூழ்ச்சிக்காரர். போட்டிக் கம்பெனி சரக்கை ஒரு தட்டில் கலந்திருந்தார். இன்னொரு தட்டில் ஏற்கெனவே வைத்ததையே மறுபடி வைத்திருந்தார். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். கடித்தாள். மென்றாள். எழுந்துபோய்த் தொட்டியில் துப்பினாள். இருபது வருடத்தில் அந்தத் தொட்டி முதல் தடவையாக நனைந்தது.

"எட்டாவது நம்ம சரக்கே இல்லை. மூணும் ஒன்பதும் ஒண்ணுதான், எதுக்கு ரெண்டு தடவை வச்சீங்க?"

மேனேஜர் எழுந்து நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க எடை இப்ப சரியாத்தான் இருக்கு. நான் மறுக்கலை. ஆனா நாற்காலி ஒண்ணுதான் இருக்கு. நீங்களே சொல்லுங்க, யாரை உட்கார வைக்கறது?"

அவள்தான் ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருந்தாளே. ஏழு வாரம் என் பேரில் நல்ல அறிக்கை போனதற்கு நன்றியாக மேனேஜர் எனக்கு ஒரு சலுகை செய்தார். பெட்டிப் பிரிவில் ஜன்னலோர இடம்.

பசை தடவிக்கொண்டே யோசித்ததில் எனக்கு ஒரு ஆறுதல் தோன்றியது. நாற்காலி போனாலும் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. பெட்டிப் பிரிவில் எடைக்கு வரம்பும் கிடையாது. தினமும் ஆறு மாதிரி அவள் மேஜைக்கு வரும். அவளோ ஓரத்தைத்தான் கடிப்பாள். மிச்சம் என்ன ஆகும்? குருவிகள் போதுமான அளவு தின்றாகிவிட்டது. இனி என் முறை.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். பால் காய்ச்சி டீ போட்டேன். பெரிய தட்டு ஒன்றைக் கழுவித் துடைத்து மேஜை நடுவில் வைத்தேன். எட்டு வாரப் பசியோடு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு அவள் வந்தாள். கைப்பையை வாங்கித் திறந்தேன். குடையும் சீப்பும் இருந்தன.

"பிஸ்கட் எங்கே?"

"மாதிரியை வெளியே கொண்டுபோகக் கூடாதுங்க. இன்னையிலேர்ந்து வாசல்ல பையைத் திறந்து பார்த்துத்தான் அனுப்பறாங்க."

"இருபது வருஷமா இல்லாத சட்டம். மேனேஜருக்கு இந்த யோசனையைக் கொடுத்த புண்ணியவான் யாரு?"

அவள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை ஒரு சிட்டிகை அதிகம் என்றாள். பிறகு சொன்னாள்:

"நீங்கதான். போன செவ்வாய்க்கிழமை அறிக்கையில, ரெண்டாம் பக்கம்."