மேடையேறிய முசொண்டா

"வர முடியாதா? என்ன, விளையாடுறீங்களா?" என்று கபாம்பா போனில் அலறினார். மறுமுனையில் வைத்துவிட்டார்கள்.

கிட்வே நகரப் பள்ளி மண்டபத்தில் இருநூறு பெற்றோர் காத்திருந்தார்கள். வெளிநாட்டில் படிப்பதன் நன்மைகளைப் பற்றி, ரஷ்யாவில் படித்துத் திரும்பிய இன்ஜினியர் ஒருவர் பேசுவார் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார் கபாம்பா. பிள்ளைகளை வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அனுப்பிவைக்கும் ஏஜென்சி அவருடையது. இந்த ஆண்டு இன்னும் ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. இன்றைக்கும் கோட்டைவிட்டால் கடையைச் சாத்திவிட வேண்டியதுதான்.

வாசலில் காரில் சாய்ந்தபடி, அவருடைய டிரைவர் முசொண்டா சுட்ட சோளம் தின்றுகொண்டிருந்தான்.

"முசொண்டா, என் கோட்டைப் போட்டுக்க. இன்னிக்கு நீதான் அந்த இன்ஜினியர்."

"முதலாளி, நான் வந்து..."

"ரஷ்யாவுல படிச்சேன், வாழ்க்கையே மாறிப்போச்சுன்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு இறங்கிடு!"

"ஆனா..."

"ஆனா ஆவன்னா எல்லாம் அப்புறம். ஏறு!"

முசொண்டா மைக்கைப் பிடித்தான். "ரஷ்யாவுல குளிர் எலும்பைத் துளைக்கும். முதல் மாசம் முழுக்க அழுதேன். நம்ம ன்ஷிமா களி கிண்டச் சோள மாவுகூடக் கிடைக்கல."

"ஐயோ, என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்!" என்று ஒரு தாய் எழுந்தே விட்டாள்.

கபாம்பா மேடைக்குத் தாவினார். "குளிரெல்லாம் பழகிடும்மா! பாஷைகூட ரொம்பச் சுலபம். இல்லையா சார்?"

"அப்போ கொஞ்சம் பேசிக் காட்டச் சொல்லுங்க!" என்றார் ஒருவர்.

கபாம்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "சாருக்குத் தொண்டை கட்டியிருக்கு..."

அதற்குள் முசொண்டா என்னென்னவோ பொழிய ஆரம்பித்துவிட்டான். வாய்க்கு வந்ததை உளறுகிறான் என்று கபாம்பா பல்லைக் கடித்தார். கூட்டம் கைதட்டியது. அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார்.

"நான் டாக்டர் நமுகோலோ. ரஷ்யாவுலதான் படிச்சேன்."

செத்தோம் என்று கபாம்பா பின்வாசலைப் பார்த்தார். டாக்டர் அதே பாஷையில் என்னவோ கேட்டார். முசொண்டா பதில் சொன்னான். டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார், நீங்களா! எங்க யுனிவர்சிட்டியில தங்கப் பதக்கம் வாங்கினவர் இவர்! இவர் போட்டோ இன்னும் அங்க மாட்டியிருக்கு!"

மண்டபம் அதிர்ந்தது. பெற்றோர்கள் பெயர் கொடுக்க முண்டியடித்தார்கள். பேயறைந்தவர்போல நின்ற கபாம்பா, முசொண்டாவைத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"ஆறு வருஷமா எனக்கு வண்டி ஓட்டுறியே, ஒரு நாளாவது வாயைத் திறந்தியா?"

முசொண்டா கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்தான்.

"இன்ஜினியர் பட்டம், தங்கப் பதக்கம், லைசென்ஸ், மூணையும்தான் வேலை கேட்டு வந்த அன்னிக்கு உங்க மேஜையில வெச்சேன், முதலாளி. வேலைக்கு இது போதும்னு லைசென்ஸை மட்டும் எடுத்துக்கிட்டீங்க."